‘முன்பல் போச்சே... உடனே இம்ப்ளான்ட் போட்டுடலாமா?’ - வளரும் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்தாவது படிக்கும் பையன் பைக்கில் இருந்து விழுந்து மேல் முன்பல்லைப் பறிகொடுத்திருப்பான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பால்பல் விழுந்து இரண்டு வருடமாகியும் அந்த இடத்தில் புதுப்பல் முளைத்திருக்காது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, சின்ன வயதில் சொத்தையாகிப் பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடம் இன்னும் காலியாகவே இருக்கும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று எந்த ஊர்ப் பல் மருத்துவமனையிலும் இப்படிப் பிள்ளைகளோடு வந்து காத்திருக்கும் பெற்றோரைப் பார்க்கலாம். அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“டாக்டர், செலவைப் பத்திக் கவலை இல்ல. கழட்டி மாட்டுற பல்லெல்லாம் வேணாம். நிரந்தரமா நிக்கிற மாதிரி இம்ப்ளான்ட் போட்டு விட்ருங்க.”

அந்தத் தவிப்பு நியாயமானதுதான். முன்பல் இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் பட்டப்பெயர் விழுந்துவிடும். சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். போட்டோ என்றால் பின்வரிசைக்குப் போய்விடும். பெண் பிள்ளை என்றால் ‘நாளைக்கு ஒரு நல்லது நடக்கணுமே’ என்ற கவலையும் வீட்டில் சேர்ந்துகொள்ளும். ஆனால், இத்தனையையும் கேட்டுவிட்டு மருத்துவர் ‘இப்போ வேண்டாம், நாலஞ்சு வருஷம் போகட்டும்’ என்பார். ‘இந்த டாக்டருக்கு இம்ப்ளான்ட் போடத் தெரியாது போல’ என்று பலர் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள்.

உண்மையில், வேண்டாம் என்று சொன்னவர்தான் பிள்ளைக்கு நல்லது செய்கிறார். வளர்ந்து முடிந்த தாடைக்கு இம்ப்ளான்ட் மிகச் சிறந்த சிகிச்சை. வளர்ந்துகொண்டிருக்கும் தாடைக்கு அதுவே பிரச்னை. ஏன் அப்படி, அதுவரை என்ன செய்வது என்று பார்ப்போம்.

இந்த வயதில் பல் எப்படிப் போகிறது?

முதல் காரணம், அடிபடுவது. புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்தாலே ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். வருடத்தின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் தச்சன்குறிச்சியில்தான் திறக்கும். 2019-ல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் அதிகமான காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. மாடு முட்டி முகத்தில் அடிபடுவது களத்தில் நிற்பவருக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க ஓரமாக நிற்கும் பையனுக்கும் நடக்கும். ஆனால், பிள்ளைகளின் பல்லைப் பறிப்பவை பெரும்பாலும் அன்றாடம் நடப்பவைதான்: ஹெல்மெட் இல்லாத பைக் பயணம், கபடி, பள்ளிக்கூடப் படிக்கட்டு, கிணற்றில் குதிக்கும் விளையாட்டு. மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டாவது, சொத்தை. ஆறு வயதையொட்டி, பால்பற்களுக்குப் பின்னால், மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமல் இவை முளைப்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சொத்தை வந்தாலும் ‘பால்பல்தானே, விழுந்து முளைச்சிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அவை பால்பற்கள் அல்ல. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். எட்டு வயதில் சொத்தையாகி, பன்னிரண்டில் பிடுங்கப்பட்டு, இருபதில் இம்ப்ளான்ட்டைப் பற்றி விசாரிக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பற்கள்தான்.

மூன்றாவது, பிறவியிலேயே பல் உருவாகாமல் இருப்பது. ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால்கூட நூறு பேரில் நான்கைந்து பேருக்காவது ஏதாவது ஒரு நிலைப்பல் உருவாகியிருக்காது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் பல்லும், கீழ்க் கடைவாய்ப்பகுதியில் இருக்கும் இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லும் அதிகம் விடுபடுபவை. இது குடும்ப வழியாகவும் வரும். அம்மாவுக்கோ மாமாவுக்கோ இப்படி இருந்தால், பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதில் வாய் முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கும் பிளவு இருக்கும் இடத்தில் பல் விடுபடுவது சகஜம்.

விழுந்த பல்லைத் தூக்கிப் போடாதீர்கள்!

இம்ப்ளான்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். அடிபட்டு வேரோடு விழுந்த நிலைப்பல்லை அப்படி எறிந்துவிடக் கூடாது. சரியாகச் செயல்பட்டால் அதே பல்லை அதே இடத்தில் வைத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

* பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவே கூடாது. பல் மறுபடி ஒட்டுவதற்குத் தேவையான உயிரணுக்கள் அதன் மேல்தான் இருக்கின்றன.

* மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில நொடிகள் அலசுங்கள். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

* பிள்ளை நினைவோடு, பதற்றமில்லாமல் இருந்தால் பல்லை அதன் குழியிலேயே மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

* அது முடியாவிட்டால் காய்ச்சி ஆறிய குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனால் வேர் காய்ந்துவிடும். தண்ணீரிலேயே ஊறப் போடுவதும் சரியில்லை.

* முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்துவிடுங்கள். தாமதமாகிவிட்டாலும் பல்லை எறியாமல் கொண்டுபோங்கள்.

* விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல் அதனால் கெட்டுவிடும்.

* மயக்கம், வாந்தி, நிற்காத ரத்தம் இருந்தால் பல்லைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

‘பாலுக்குப் பதில் இளநீர் ஆகுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதைச் சென்னை ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் வெளியான அவர்களின் ஆய்வில், வேரின் உயிரணுக்களைக் காப்பதில் இளநீர் பாலைவிட நன்றாகச் செயல்பட்டது. ஆனால், இளநீரில் இருக்கும் அமிலத்தன்மையைக் காரணம் காட்டி, வேறு சில ஆய்வுகள் அதற்கு மாறான முடிவைச் சொல்லின. அதனால் பால் கிடைத்தால் பால்தான். தோப்பில் நிற்கும்போது இளநீரைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால், பல்லைக் காயவிடுவதைவிட இளநீர் எவ்வளவோ மேல்.

முயல் எலும்பில் தொடங்கிய கதை

பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது இம்ப்ளான்ட் பேச்சு வருகிறது. அது என்ன?

இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல, பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியம் திருகு. சில மில்லிமீட்டர் தடிமன், ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுகிய பிறகு, மேலே பல் வடிவத்தில் ஒரு கேப் மாட்டுவார்கள். பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதில்லை, கழற்றி மாட்ட வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வர் பிரோனெமார்க். அவர் பல் மருத்துவரே அல்ல, உடற்கூறியல் ஆய்வாளர். 1952-ல், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால், அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னுடையதாகவே பாவித்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

எலும்பும் டைட்டானியமும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்றால், விழுந்த பல்லுக்கு ஏன் செயற்கை வேர் வைக்கக் கூடாது? 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு பிரோனெமார்க் அதைச் செய்து பார்த்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடும் அண்ணப் பிளவும் கொண்ட லார்சனுக்குக் கீழ்த்தாடையில் பற்கள் இல்லை. சாப்பிடுவதே பெரும்பாடாக இருந்தது. அவருக்குப் பொருத்தப்பட்ட இம்ப்ளான்ட்கள், 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல் உழைத்தன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். லார்சனின் குறைபாடு பிறவியிலேயே வந்தது. ஆனால், இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டபோது அவர் தாடை முழுதாக வளர்ந்து முடிந்த, முப்பது வயதைக் கடந்த மனிதர்.

வளரும் தாடையில் என்ன நடக்கும்?

இயற்கையான பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் ஒன்று இருக்கிறது. அதில் ஊஞ்சல்போலத் தொங்குவதால்தான் பல்லால் நகர முடிகிறது. கம்பி போட்டுப் பல்லை வரிசைப்படுத்த முடிவதும் அதனால்தான். பிள்ளையின் முகம் வளர வளர, மேல்தாடை கீழ்நோக்கியும் முன்னோக்கியும் இறங்கும். பற்களும் எலும்போடும் ஈறோடும் சேர்ந்து இறங்கிக்கொண்டே வரும்.

இம்ப்ளான்ட்டுக்கு அந்தத் தசைநார் கிடையாது. எலும்போடு எலும்பாக இறுகிவிட்ட திருகு, எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். புதுக்கோட்டைக் கண்மாய்களில் குமிழித் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் தாமரை இலை கூடவே ஏறும், கல்தூண் ஏறாது. வளரும் வாயில் மற்ற பற்கள் தாமரை இலை, இம்ப்ளான்ட் கல்தூண்.

பதினான்கு வயதில் மேல் முன்பல் இடத்தில் இம்ப்ளான்ட் போட்டதாக வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பார்த்தால் அச்சு அசலாக இருக்கும். வருடங்கள் போகப்போக, பக்கத்துப் பற்கள் இறங்க, இந்தப் பல் மட்டும் மேலேயே தங்கிவிடும். இருபது வயதில் கண்ணாடியில் பார்த்தால் ஒரு பல் குட்டையாக, ஈறுக் கோடு ஏணிப்படி மாதிரி ஏற்ற இறக்கமாகத் தெரியும். கேப்பை நீளமாக மாற்றி ஒப்பேற்றலாம். ஆனால், ஈறு இருக்கும் உயரத்தை மாற்றுவது கடினம். கம்பி போட்டு இறக்கலாம் என்றாலும் இம்ப்ளான்ட் நகராது. அகற்ற வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் எலும்பையும் சேர்த்துத்தான் இழக்க வேண்டியிருக்கும். அதே இடத்தில் மறுபடி போடுவது முதல்முறையைவிடச் சிக்கல்.

இது வெறும் யூகம் அல்ல. ஸ்வீடன் ஆய்வாளர்கள் முதலில் வளரும் பன்றிக்குட்டிகளின் தாடையில் இம்ப்ளான்ட் வைத்துப் பார்த்தார்கள். மற்ற பற்களோடு அவை நகரவில்லை. பிறகு, பதின்பருவத்தில் இம்ப்ளான்ட் போட்டுக்கொண்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பலருக்கு மேல் முன்பல் இடத்தில் இம்ப்ளான்ட் பல் மேலே தங்கிப்போயிருந்தது. வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது அதில் கிடைத்த பாடம்.

‘வளர்ச்சி நின்றுவிட்டது’ என்று எப்படித் தெரியும்?

பொதுவாகப் பெண்களுக்கு 17, 18 வயதிலும், ஆண்களுக்கு 20, 21 வயதிலும் தாடை வளர்ச்சி பெருமளவு முடியும். ஆனால், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மருத்துவர்கள் பிறந்த தேதியை மட்டும் நம்புவதில்லை. சில அடையாளங்களைத் தேடுவார்கள்.

கடந்த ஒரு வருடத்தில் உயரம் கூடியிருக்கிறதா என்று கேட்பார்கள். செருப்பு அளவு மாறிக்கொண்டே இருந்தால், சட்டை சின்னதாகிக்கொண்டே இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்புகளின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். நம்பகமான வழி, பக்கவாட்டில் முக எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. மாற்றம் இல்லையென்றால் வளர்ச்சி ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மேல் முன்பல் விஷயத்தில் இன்னும் சில வருடங்கள் பொறுக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. பெரியவர்களுக்கும் முகம் மிக மெதுவாக மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சிரித்தால் ஈறு நிறையத் தெரிபவர்கள், நீள முகம் கொண்டவர்களுக்கு அந்தச் சிறு மாற்றம்கூட வெளியே தெரியும்.

விதிவிலக்கு: பல்லே இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள்

ஒரே ஒரு சூழலில், சின்னப் பிள்ளைகளுக்கும் இம்ப்ளான்ட் யோசிக்கப்படுகிறது. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற மரபுவழிக் குறைபாட்டோடு பிறப்பவர்களுக்குத் தலைமுடி மெலிந்து இருக்கும். வியர்வைச் சுரப்பிகள் சரியாக இருக்காது. பற்களில் பெரும்பாலானவை உருவாகியிருக்காது. முளைத்த ஒன்றிரண்டும் ஆணிபோலக் கூராக இருக்கும்.

இதைப் பற்றிய புகழ்பெற்ற பழைய குறிப்புகளில் ஒன்று நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. சிந்து பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்ததையும், வழுக்கை விழுந்ததையும், வெயில் காலத்தில் அவர்கள் அவதிப்பட்டதையும் சார்லஸ் டார்வின் தன் நூலொன்றில் எழுதியிருக்கிறார். பெண்களுக்கு அது வரவில்லை, ஆனால் அவர்கள் வழியாக மகன்களுக்குப் போனது என்பதையும் கவனித்திருக்கிறார்.

இப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கீழ்த்தாடையில் பல் செட் நிற்கவே நிற்காது. சரியாக மெல்ல முடியாது, பேச்சும் தெளிவாக வராது. கீழ்த்தாடையின் முன்பகுதி மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் வளர்ந்து முடிந்துவிடும். நகரும் பற்களும் பக்கத்தில் இல்லை. அதனால் அங்கே மட்டும் இரண்டு இம்ப்ளான்ட்கள் வைத்து, அதன்மேல் பல் செட்டைப் பொருத்தும் சிகிச்சை உலகில் பல இடங்களில் செய்யப்பட்டிருக்கிறது. இது பல துறை மருத்துவர்கள் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பல் போன பிள்ளைக்கு இதை உதாரணமாகக் காட்டி அவசரப்படுத்தக் கூடாது.

கடும் கோடையில் வியர்க்காமலே காய்ச்சல் கண்டு, பல்லும் முளைக்காத குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், குழந்தைகள் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது?

‘பொறுங்கள்’ என்றால் ‘சும்மா இருங்கள்’ என்று அர்த்தமில்லை. சும்மா விட்டால் மூன்று விஷயங்கள் நடக்கும். பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் அந்தப் பள்ளத்துக்குள் நீண்டு வரும். பல் இருந்த இடத்தில் எலும்பு மெலியும். பல் எடுத்த முதல் வருடத்திலேயே எலும்பின் அகலம் பாதியளவுவரை குறையலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடந்துவிடுகிறது. அதனால் இந்தக் காலத்தின் வேலை, இடத்தையும் எலும்பையும் காப்பது. அதற்கு இருக்கும் வழிகள் இவை.

கழற்றி மாட்டும் பல்: கேட்டாலே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால், செலவு குறைவு, சீக்கிரம் கிடைக்கும், முகம் வளர வளர மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அடுத்த வாரமே சிரிப்பைத் திருப்பித் தருவது இதுதான். இரவில் கழற்றி வைக்க வேண்டும். விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும்.

ஒட்டும் பிரிட்ஜ்: பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் மெல்லிய சிறகு ஒன்றை ஒட்டி, அதில் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறை. பல்லைப் பெரிதாக ராவ வேண்டியதில்லை. முன்பல் போன பதின்பருவத்தினருக்கு நல்ல தேர்வு. எப்போதாவது ஒட்டு விட்டுப்போகும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். வழக்கமான பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றி ராவ வேண்டும். இளம்பற்களில் நரம்பறை பெரிதாக இருக்கும் என்பதால் இந்த வயதில் அதைத் தவிர்ப்பது நல்லது.

கம்பி போட்டுச் சரிசெய்வது: சிலருக்குப் பக்கத்துப் பல்லையே நகர்த்தி இடத்தை மூடிவிடலாம். அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிச் செய்தால் வாழ்நாள் முழுவதும் இம்ப்ளான்ட்டே தேவைப்படாது. மூட முடியாதவர்களுக்கு, பின்னாளில் இம்ப்ளான்ட் வைக்கத் தேவையான இடத்தை ஒதுக்கி வைக்கலாம்.

சொந்தப் பல்லையே இடம் மாற்றி நடுவது: கம்பி சிகிச்சைக்காக எப்படியும் எடுக்க வேண்டிய சிறு கடைவாய்ப்பல்லை, வேர் முழுதாக முடியாத வயதில் எடுத்து, முன்பல் இடத்தில் நடுவார்கள். வெற்றிபெற்றால் அந்தப் பல் தசைநாரோடு ஒட்டி, தாடையோடு சேர்ந்து வளரும். இதற்குத் தனிப் பயிற்சியும் சரியான வயதும் வேண்டும்.

பழைய வேரைக் காப்பது: அடிபட்ட பல் எலும்போடு ஒட்டிப்போய் மேலேயே தங்கிவிட்டால், முழுதாகப் பிடுங்காமல் மேல்பகுதியை மட்டும் நீக்கி வேரை உள்ளேயே விடும் முறையும் உண்டு. அந்த வேர் மெல்லக் கரைந்து எலும்பாக மாறும். அந்த இடத்தின் உயரமும் அகலமும் காப்பாற்றப்படும். ‘ஆடுற பல்லைப் பிடுங்கிடுங்க’ என்று அவசரப்படாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இந்த வழிகளில் எது பொருந்தும் என்பதைக் குழந்தைகள் பல் மருத்துவர், கம்பி போடும் மருத்துவர், செயற்கைப் பல் நிபுணர் மூவரும் பேசி முடிவு செய்தால் நல்லது. அந்தப் பேச்சில் பிள்ளையையும் உட்கார வையுங்கள். ‘இது தற்காலிகம், இன்ன வருடத்தில் நிரந்தரமாக மாற்றுவோம்’ என்ற திட்டம் தெரிந்தால், கழற்றி மாட்டும் பல்லின் மேல் இருக்கும் வெறுப்பு பாதியாகக் குறையும்.

வயது வந்தாச்சு... போடும் முன் கேளுங்கள்!

வளர்ச்சி முடிந்தது உறுதியானால், எலும்பின் அளவைப் பார்க்க முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு இம்ப்ளான்ட்டைப் பொருத்துவார்கள். எலும்பு ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் விடுவார்கள். பிறகுதான் கேப். எலும்பு மெலிந்திருந்தால் எலும்புத் தூள் வைத்துக் கூட்ட வேண்டியிருக்கும், இன்னும் சில மாதங்கள் ஆகும். கல்யாணத் தேதி குறித்த பிறகு ஓடி வருபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு ஆறேழு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில:

* மொத்தச் செலவில் இம்ப்ளான்ட், கேப், ஸ்கேன், எலும்புத் தூள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? தனியாரிடம் ஒரு பல்லுக்கே 20,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். ‘இவ்வளவுதான்’ என்ற விளம்பரத் தொகை பெரும்பாலும் திருகுக்கு மட்டுமே இருக்கும்.

* எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட், என்ன அளவு, தொகுப்பு எண் என்ன? பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இருபது வயதில் போட்டால் அறுபது வருடம் அது வாயில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ திருகு தளர்ந்தால், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் அங்கே இருக்கும் மருத்துவர் திண்டாடுவார்.

* சிகிச்சை செய்பவர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா? பதிவெண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. படிப்பில்லாமல் ‘ஒரே நாளில் ஃபிக்ஸ்டு பல்’ கட்டுபவர்கள், பக்கத்துப் பற்களோடு கம்பியும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டிவிடுவார்கள். இடுக்கில் அழுக்கு சேர்ந்து, நன்றாக இருந்த பற்களும் ஆட ஆரம்பிக்கும்.

* கருவிகள் கிருமி நீக்கப்பட்டு, உறை பிரிக்கப்படாமல் இருக்கின்றனவா? கழுவப் பயன்படுத்தும் சலைன் பாட்டில் புதிதாகத் திறந்ததா? 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் தொற்றால் இறந்தார்கள். சரியாகக் கையாளப்படாத சலைன் பாட்டில் வழியாகக் கிருமி பரவியதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாமும் உண்மையைச் சொல்ல வேண்டும். சிகரெட், உதட்டுக்குள் வைக்கும் புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை, ஈறு நோய் இவற்றில் எது இருந்தாலும் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடும். இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால், சரியாகத் துலக்காவிட்டால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் கரையும். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடம் கழித்தும் நூறில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை உறுதியாக நிற்கின்றன. மேலே இருக்கும் கேப்பை மட்டும் இடையில் மாற்ற வேண்டி வரலாம்.

இப்போது பக்கத்திலேயே...

பல வருடங்களாக, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னைதான். 1953-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு, புதுக்கோட்டையில் இருந்து ஓர் இரவு பயணம். பின்னர் சிதம்பரத்தில் இருந்த பல் மருத்துவக் கல்லூரி அரசு வசமானது. மூன்றாவதாக, 2023 நவம்பரில் புதுக்கோட்டையிலேயே, அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 மாணவர்கள் படிக்கும் கல்லூரி இது. பல் மருத்துவக் கல்லூரி என்றாலே குழந்தைகள் பல் மருத்துவம், கம்பி சிகிச்சை, வாய் அறுவை சிகிச்சை, செயற்கைப் பல் என்று துறைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பல் போன பிள்ளைக்குத் தேவையானதும் அப்படி எல்லாத் துறையும் சேர்ந்து பார்க்கும் பார்வைதான். தனியாரிடம் பணம் கட்டும் முன், இங்கே ஒருமுறை காட்டி ஆலோசனை கேட்பது எந்தப் பெற்றோருக்கும் நல்லது.

பதினான்கு வயதில் பல் போன பிள்ளைக்கு இருபது வயதுவரை ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஆறு வருடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, தற்காலிகப் பல்லைச் சரிபார்ப்பது, வருடத்துக்கு ஒரு தடவை உயரத்தைக் குறித்து வைப்பது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இம்ப்ளான்ட் போடும் நாளில் மருத்துவருக்கு அந்த நோட்டைவிடப் பெரிய உதவி கிடையாது. வீட்டில் ஆறு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று இரவே டார்ச் அடித்து வாயின் கடைசியில் பாருங்கள். புதிதாக முளைத்திருக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றிவிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படாமலே போகலாம்.